உப்புக் காற்றும் அமெரிக்கப் பழங்கார்களும்

அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார், புறநானூற்றின் 102ஆம் பாடலில் அவனை உமணரின் உப்பு வண்டியில் கட்டப்பட்ட சேம அச்சுக்கு ஒப்பிட்டார். வேந்தன் மகனை வேங்கைக்கோ களிற்றுக்கோ ஒப்பிடாமல், வண்டியின் அடியில் தொங்கும் மாற்று மரத்துண்டுக்கு ஒப்பிடத் துணிந்த புலமை அது. மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு எங்கே முறியும் என்பதை எவரும் முன்னறிய முடியாது. முறிந்த இடத்தில் கொல்லனோ தச்சனோ இருக்கவும் மாட்டான். ஆகவே உப்பு வணிகன் மாற்று அச்சைக் கையோடு கொண்டே புறப்பட்டான். வண்டியின் மாற்று உறுப்பைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று. அது உப்பு வாணிகத்திலிருந்து வந்திருப்பது தற்செயல் அன்று.

உப்பைச் சுமந்த வண்டி இருபதாம் நூற்றாண்டில் மாட்டை விட்டு இயந்திரத்துக்கு மாறியது. அந்த இயந்திரங்களில் கணிசமானவை அமெரிக்காவில் பெயர் பெற்ற கம்பெனிகளுடையவை. அவற்றின் சேம அச்சைத் தேடிய இடம் செய்தித்தாளின் வரி விளம்பரப் பத்தி. இன்று அதே தேடல் கைப்பேசித் திரையில் நடக்கிறது. பழைய அமெரிக்கக் கார்களின் விற்பனை அறிவிப்புகளைச் சிலர் வாங்கும் எண்ணத்தோடு புரட்டுகின்றனர். பலர் வெறும் ஆசையோடு புரட்டுகின்றனர். ஆனால் அந்த அறிவிப்புகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு நிற்கிறது. அதில் மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளுக்கும் பங்குண்டு.

சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஊராகப் பேசப்படும் எயிற்பட்டினத்தையும், கிரேக்க மாலுமி ஒருவரின் பெரிப்ளுஸ் நூல் குறிக்கும் சோபட்மா துறையையும் மரக்காணத்தோடு பொருத்திக் காண்பர் ஆய்வாளர். ஓய்மாநாட்டைச் சேர்ந்த இவ்வூரின் பூமீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளாயினும் உப்பின் தொழில் பெரிதும் மாறிவிடவில்லை. உப்பங்கழியின் நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் காய்ச்சி, பலகையால் வாரி, வரப்பில் குவித்து, அம்பாரமாக்கும் வேலை இன்றும் மனிதத் தோளையும் காலையும் நம்பியே நடக்கிறது. மாறியதெல்லாம் அம்பாரத்திலிருந்து உப்பு புறப்படும் வழிதான்.

முதலில் மாட்டு வண்டி. பிறகு படகு. காக்கிநாடாப் பக்கத்திலிருந்து கரையோடு கரையாகத் தெற்கே இறங்கும் பக்கிங்காம் கால்வாய் முடியும் ஊர் மரக்காணமே. 1877–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களைக் கொண்டு சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தபின், அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. உப்பும் விறகும் அந்நீர்வழியே சென்னைக்குச் சென்றன. கழி வைத்துத் தள்ளியும், பாய் விரித்தும், கரையில் நின்று கயிறு கட்டி இழுத்தும் ஓட்டிய படகுகள் அவை. அவற்றுக்குச் சேம அச்சு வேண்டியதில்லை.

சென்னை நகரத்தில் மோட்டார் வண்டி தோன்றியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். 1903இல் சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றை இங்கேயே செய்து ஓட்டிக் காட்டினார். ஆயினும் முதல் பதினைந்து ஆண்டுகள் இங்கே செல்வாக்குப் பெற்றிருந்தவை ஐரோப்பிய வண்டிகள். நிலைமை மாறியது முதல் உலகப் போரை ஒட்டி. ஹென்றி ஃபோர்டு 1908இல் வெளியிட்ட ‘டி’ மாடல் கார் 850 டாலருக்கு விற்றது. 1925இல் அதன் விலை 260 டாலருக்கு இறங்கியது. 1927இல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன.

விலை மட்டும் காரணம் அன்று. இங்கிலாந்தின் கார் ஒழுங்கான சாலைக்குச் செய்யப்பட்டது. அமெரிக்கக் காரோ அந்நாட்டுப் பண்ணைகளின் சேற்றுவழியை எண்ணிச் செய்யப்பட்டது. அதன் வயிறு தரையிலிருந்து உயர்ந்து நின்றது. மாட்டு வண்டிச் சக்கரங்கள் அறுத்த ஆழமான தடங்களில், நடுமேடு இடிக்காமல் ஓடக்கூடிய வண்டி அதுவே. இந்தியாவின் சாலை எப்படிப்பட்டது என்பதை இலண்டனின் ஆட்சியாளர்களைவிட டெட்ராய்ட்டின் பொறியாளர் நன்கு அறிந்திருந்தார் என்று கூடச் சொல்லலாம். அறியாமலே அதற்கேற்ற வண்டியைச் செய்தார் என்பது இன்னும் பொருந்தும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். ‘அமெரிக்கக் கார்’ என்று சென்னையில் வழங்கிய வண்டிகளில் பல, கனடாவிலிருந்து வந்தவை. 1904இல் ஒண்டாரியோவின் வாக்கர்வில்லில் தொடங்கிய ஃபோர்டின் கனடா நிறுவனத்திடமே, இங்கிலாந்தும் அயர்லாந்தும் நீங்கலான பிரிட்டிஷ் பேரரசின் சந்தை ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம் அமைந்த வண்டிகள் அங்கிருந்து கப்பலேறின. 1926இல் அதன் கிளையாக ஃபோர்டு இந்தியக் கம்பெனி அமைந்து, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் தொழில் நடத்தியது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயின் சிவ்ரியில் பாகங்களைப் பூட்டிக் காராக்கும் தொழிற்சாலையைத் திறந்தது. பெட்டிகளில் வந்த செவர்லே அங்கே முழு உருவம் பெற்றுத் தெற்கே வந்தது. மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரும் விநியோகஸ்தர் ஆயிற்று.

காரைச் சிற்றூர் மக்கள் ‘பிளஷர்’ என்றனர். ‘பிளஷர் கார்’ என்ற ஆங்கில வழக்கின் பாதியை வெட்டி வைத்துக்கொண்ட பெயர் அது. பெரியவர் வாயில் அச்சொல் வெகுகாலம் புழங்கியது. பெயர் இன்பத்தைச் சொன்னாலும் வண்டி பெரும்பாலும் உழைக்கவே வந்தது. காராக ஓடிய சட்டத்தின் மேல் மரக்கூடு கட்டினால் பேருந்து; கூட்டை எடுத்துவிட்டுப் பலகை அடித்தால் சரக்கு வண்டி. கோவையில் ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொடங்கிய தொழில், யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்த கதை நாடறிந்தது. சிறு முதலாளிகளுக்கு இந்தத் தொழில் கைவந்ததற்குப் புதுவண்டியின் விலை மட்டும் காரணம் ஆகாது. பழைய வண்டி கிடைத்தது என்பதே பெரிய காரணம்.

பழைய வண்டி எங்கே கிடைத்தது? வரி விளம்பரத்தில். ‘தி ஹிந்து’ நாளிதழின் முதற்பக்கமே 1958ஆம் ஆண்டுவரை விளம்பரங்களால் நிரம்பியிருந்தது என்பதை இன்றைய வாசகர் நம்புவது கடினம். தாயகம் திரும்பும் வெள்ளை அதிகாரி தம் காரையும் பியானோவையும் மேசை நாற்காலிகளையும் ஒன்றாக விற்பது அக்காலப் பத்திரிகைகளில் வழக்கமான காட்சி. அதிகாரி விற்றதை வழக்கறிஞர் வாங்கினார். வழக்கறிஞர் விற்றதை மிராசுதார் வாங்கினார். அவர் கைவிட்டதைப் பேருந்து முதலாளியோ சரக்கு ஏற்றுபவரோ வாங்கினார். ஒவ்வொரு கை மாறும்போதும் வண்டி நகரத்தை விட்டுச் சற்றே விலகிச் சென்றது. கம்பெனியின் கணக்கேடு ஒரு காரின் முதல் விற்பனையைச் சொல்லும். அத்தோடு அதன் அக்கறை முடிந்தது. அதற்குப்பின் அந்தக் கார் வாழ்ந்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு, பதிவு அலுவலகத்தின் ஏடு தவிர, ஓர் அங்குலம் நீளமுள்ள அந்த அச்சுவரிகளே சான்று. விற்பவன் என்ன சொன்னான் என்பதைவிட எதை முதலில் சொன்னான் என்பது கவனிக்கத்தக்கது. நல்ல காலத்தில் வண்ணமும் மெத்தையும் முன்னே வரும். பஞ்ச காலத்தில் டயர்.

அந்தப் பஞ்ச காலம் இரண்டாம் உலகப் போர். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் காக்கிநாடாவையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியதும், சென்னை நகரம் பாதி காலியாயிற்று. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. டயர் பொன்னுக்கு நிகராயிற்று. அப்போது பேருந்துகளின் பின்புறத்தில் உருளை போன்ற அடுப்பு ஒன்று முளைத்தது. கரியை எரித்து எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் ஏற்பாடு அது. டி.வி.எஸ். நிறுவனமும் அத்தகைய வாயுக் கருவியைச் செய்து விற்றது. கரி பஸ்ஸில் பயணம் செய்தவர்கள், மேட்டில் இறங்கித் தள்ளியதையும் சட்டையில் படிந்த கரியையும் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் பெட்ரோலுக்கென்று டெட்ராய்ட்டில் வார்த்த எஞ்சின் விறகுக் கரியில் ஓடியது வேடிக்கை மட்டும் அன்று. தமிழ்நாட்டுப் பட்டறை, அமெரிக்க வண்டியைத் தன் வசப்படுத்திக்கொண்ட தருணம் அது.

போர் முடிந்ததும் படையினர் விட்டுச் சென்ற லாரிகள் ஏலத்துக்கு வந்தன. கனடாவில் செய்யப்பட்ட ஃபோர்டு, செவர்லே படை வண்டிகளும் அவற்றுள் அடக்கம். பச்சை வண்ணத்தின் மேல் வேறு வண்ணம் பூசப்பட்டு அவை சரக்கு லாரிகளாயின. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களையும், டாட்ஜ், ஃபார்கோ லாரிகளையும் பூட்டி அனுப்பியது. உப்பு அம்பாரத்தின் அருகிலேயே லாரி வந்து நிற்கத் தொடங்கியபின், கால்வாய்ப் படகுக்கு ஒரு வேலை குறைந்தது. 1965–66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தபோது அதை மீட்டே ஆகவேண்டும் என்ற வாணிக நெருக்கடி இல்லாமற் போனதற்கு லாரியே காரணம்.

வெற்றி பெற்ற லாரிக்கும் உப்பு நண்பன் அன்று. ஈரம் கசியும் மூட்டை பலகைத் தரையில் இறங்கும். பலகையின் இடுக்கு வழியாக உவர்நீர் சட்டத்தில் சொட்டும். கடற்காற்று மேலிருந்து தின்னும். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதனை விரைவுபடுத்தும். ஈரத்தில் கரைந்த உப்பு மின்னோட்டத்துக்கு வழி விடுவதால் இரும்பு அரிப்பது பன்மடங்கு விரைகிறது. உட்புற ஊர்களின் வறண்ட காற்றில் கொட்டகைக்குள் நாற்பது ஆண்டு நின்ற கார் மீண்டும் உயிர்பெறலாம். உப்பளக் கரையில் வெளியே நின்ற வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பழங்கார்கள் பெரும்பாலும் கோவை, செட்டிநாடு, மைசூர், ஜெய்ப்பூர் என்று கடலை விட்டு விலகிய இடங்களிலிருந்தே வெளிப்படுவதில், செல்வத்துக்கு இருக்கும் பங்கு காற்றுக்கும் உண்டு.

அமெரிக்கக் காரின் வரலாற்றில் 1954 ஒரு விசித்திரமான ஆண்டு. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் முழுக் கார்களின் இறக்குமதி 1949இலேயே தடுக்கப்பட்டிருந்தது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமில்லாமல் வெறுமே பாகங்களைப் பூட்டும் கம்பெனிகள் தொழிலை முடித்துக்கொள்ள வேண்டும் என்று 1953இல் தீர்வைக் குழு பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954ஐ ஒட்டிக் கடையைக் கட்டின. அதே 1954இல், டி.வி.எஸ். குடும்பத்து டி.எஸ். சந்தானம் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரிக்கும் பேருந்துக்கும் தவணைக் கடன் கொடுத்த அந்நிறுவனம் எத்தனையோ ஓட்டுநர்களை உரிமையாளர்களாக்கியது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக் குயின்சி என்னும் சிறு நகரில் எர்னஸ்ட் ஹெம்மிங்ஸ் என்பவர் பழைய கார்களுக்கும் பாகங்களுக்கும் மட்டுமே வரி விளம்பரம் வெளியிடும் இதழைத் தொடங்கியதும் அந்த ஆண்டே. இவற்றுள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. ஆனால் இங்கே புதிய அமெரிக்கக் காரின் கதவு அடைபட்ட வேளையில், அங்கே பழைய அமெரிக்கக் காருக்கென்று ஒரு சந்தை பிறந்தது.

அதற்குப்பின் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கக் கார்கள் மிகச் சில. தூதரகத்தார் கொண்டுவந்து பின்னர் விட்டுச் சென்றவற்றை அரசின் வாணிகக் கழகம் விற்றது. திரைப்படத்தில் இம்பாலா வந்தாலே செல்வம் வந்ததாகப் பொருள். ஆயினும் பெட்ரோலைக் குடிக்கும் அந்தப் பெரிய எஞ்சின் நடுத்தர மக்களுக்குக் கட்டுபடியாகவில்லை. எனவே பட்டறைக்காரர் அதைக் கழற்றி வைத்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தினர். சென்னை செம்பியத்தில் சிம்சன் தயாரித்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் அதற்குத் தோதாக அமைந்தது. பிளிமத் உடலுக்குள் பெர்க்கின்ஸ் உயிர், கதவுக் கைப்பிடி புதுப்பேட்டையில் வேறொரு வண்டியிலிருந்து வந்தது, விளக்கு அம்பாசிடருடையது. இப்படித்தான் அவை வாடகைக் கார்களாகவும் திருமண ஊர்வலக் கார்களாகவும் எண்பதுகள்வரை ஓடின. ஓட முடியாதவை எடைக்கு எடை காயலான் கடைக்குப் போயின.

இன்று, கைப்பேசியில் விரியும் அறிவிப்புகளின் மொழி வேறு. 1995இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய பட்டியல், அமெரிக்கச் செய்தித்தாள்களின் வரி விளம்பர வருவாயையே ஆட்டங்காண வைத்தது. அந்நாட்டுப் பழங்கார் அறிவிப்புகளைப் படிக்கும் தமிழர் ஒருவர் ஒரு சொல்லில் தடுக்கி நிற்கக்கூடும்: உப்பு. அரிசோனாவில் ஓடிய வண்டி, கலிபோர்னியாவில் நின்ற வண்டி, உப்புப் படாத வண்டி என்று விற்பவர் பெருமை பேசுவர். அங்கே வட மாநிலங்களில் குளிர்காலப் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகின்றனர். அவ்வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெருகி, ஒரு தலைமுறைக் கார்களின் அடிவயிற்றைத் தின்றது. கார்களின் தலைநகரான டெட்ராய்ட்டின் அடியிலேயே, ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில், பெரும் உப்புச் சுரங்கம் உண்டு. 1910 முதல் அங்கே உப்பு வெட்டப்படுகிறது. காரைச் செய்த நகரமே காரைத் தின்னும் பொருளையும் தன் காலடியில் வைத்திருந்தது. மரக்காணத்துப் பாத்தியில் வெயில் செய்யும் பொருளும் டெட்ராய்ட்டின் பாறையும் ஒன்றே.

இந்திய அறிவிப்புகளில் உப்புக்குப் பதில் தாள் பேசப்படும். ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா, பெயர் மாற்றலாமா, எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் ஏட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பனவே முதற் கேள்விகள். தாளில்லாத கார் எவ்வளவு அழகாயினும் அது பழைய இரும்பே. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டி, மூல உருவில் இருக்க வேண்டும். சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி, எண்பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டுதல் ஆகாது. விற்றால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

விதி நல்லதே. போலியைத் தடுக்க அது வேண்டும். ஆனால் அதன் கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது. மூல உருவோடு நின்றவை யாருடைய கார்கள்? கொட்டகையும் காவலும் ஓட்டுநரும் வைத்திருந்தவர்களுடையவை. கரி வாயுவில் ஓடிய பேருந்தும், படை வண்டியாகப் பிறந்து உப்பு மூட்டை சுமந்த லாரியும், பெர்க்கின்ஸ் எஞ்சினோடு இருபது ஆண்டு வாடகைக்கு ஓடிய பிளிமத்தும் மூல உருவை இழந்தவை. இந்நாட்டில் அமெரிக்க மோட்டார் உண்மையில் வாழ்ந்த வாழ்க்கை அவற்றின் உடலில்தான் எழுதப்பட்டிருந்தது. எந்த மாற்றம் வரலாற்றுச் சான்றோ அதே மாற்றம் விதியின்முன் குறையாகிறது. அறிவிப்பு எழுதுவோரும் இதை அறிந்துகொண்டனர். டீசல் எஞ்சின் பொருத்தியதை ஒரு காலத்தில் முதல் வரியில் பெருமையாகச் சொன்னவர்கள், இப்போது அதைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேடி வேறொரு அறிவிப்பு எழுதுகின்றனர்.

சில வண்டிகள் வேறு காரணத்தால் பிழைக்கின்றன. காமராஜர் பயன்படுத்திய செவர்லேயின் எண், எம்.டி.டி. 2727, இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது. 1975இல் அவர் மறைந்தபின் நெடுங்காலம் நின்றிருந்த அக்காரைப் பிற்காலத்தில் புதுப்பித்தனர். ஏறியவரால் நிலைத்த வண்டி அது. கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் இயங்கும் அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகமும், சென்னை வடபழனியில் ஏ.வி.எம். அரங்க வளாகத்தின் அருங்காட்சியகமும் பல பழங்கார்களைக் காத்து வருகின்றன. பழங்கார் ஆர்வலரின் அணிவகுப்புகள் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கும் சென்றதுண்டு. அந்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மெருகேற்றிய கார்கள் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து போகும். போய்ச் சேர்ந்ததும் உரிமையாளர் செய்யும் முதல் வேலை, வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது.

உப்பளச் சாலையில் லாரிகள் நிற்கின்றன. அவை அமெரிக்க வண்டிகள் அல்ல; ஓசூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ பிறந்தவை. தரைப் பலகைக்கு மேல் தார்ப்பாய் விரித்து மூட்டை ஏற்றுகின்றனர். வண்டியின் அடியில், உமணர் சேம அச்சைக் கட்டிய இடத்தில், சங்கிலியில் தொங்குகிறது மாற்றுச் சக்கரம்.